முதலில் உப்பு இறங்கட்டும்

காரைக் கழுவ வாளியைத் தூக்குமுன் மாமா ஒரு காரியம் செய்வார். ஆள்காட்டி விரலை முன்கண்ணாடியின் ஓரத்தில் வைத்து ஒரு சாண் தூரம் இழுப்பார். அந்த விரலை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார். "கரிக்கு மக்கா" என்பார். கரித்தால் அன்றைக்கு வேலை இரட்டிப்பு. கன்னியாகுமரிக்குச் சவாரி போய்வந்த நாளில் கரிக்காமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

1984இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மைக்கு அண்ணனான அந்த மாமா தேரூரில் இருந்தார். நாகர்கோவில் டாக்சி ஸ்டாண்டில் வெள்ளை அம்பாசிடர் ஒன்றை ஓட்டிவந்தார். அவரிடம் வரும்போதே இரண்டு கை மாறிய வண்டி அது. சூரிய உதயம் பார்க்க வரும் வடநாட்டு யாத்ரிகர்களை விடியற்காலை நாலரை மணிக்கு லாட்ஜில் ஏற்றிக்கொள்வார். அவர்கள் உதயம் பார்த்து, குமரியம்மனைக் கும்பிட்டு, படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய்த் திரும்பும்வரை வண்டி கடலைப் பார்த்தபடி நிற்கும். அப்புறம் சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி. இருட்டி வீட்டுக்கு வரும் வண்டியின் மேல் காலையில் படிந்த கடலும் மாலையில் படிந்த செம்மண்ணும் சேர்ந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். சனிக்கிழமை காலையில் முற்றத்து வேப்பமர நிழலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். கிணற்றிலிருந்து வாளியை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அடுத்த வீட்டுக்காரர்கள், "கல்யாணப் பெண்ணைப் போலல்லவா மினுக்குகிறான்" என்பார்கள். மினுக்கத்தைப் பற்றி மாமா பேசி நான் கேட்டதே கிடையாது. அவர் வாயில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே சொல்: உப்பு.

அடுக்களையில் உப்புச் சாடி கசிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனி, ஆடிச் சாரலில் சாடியின் அடியில் தண்ணீர் கோத்து நிற்கும். காரில் நடப்பதும் அதுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று ஏந்தி வருகிறது. ஈரம் காய்ந்துபோகும், உப்பு தங்கிவிடும். காய்ந்து கிடக்கும்வரை அந்த உப்பால் தகரத்துக்குப் பெரிய கேடில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம் போதும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே வந்துபோகும் எங்கள் மாவட்டத்தில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பகலில் காய்ந்து இரவில் கரைந்து, கரைந்த நீர் பெயிண்டின் கீறலுக்குள்ளும் தகடுகள் மடியும் இடுக்குகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது. இந்தக் கணக்கெல்லாம் நான் கல்லூரியில் வேதியியல் படித்தபோது தெரிந்துகொண்டவை. மாமா விரலையும் நாக்கையும் வைத்து அதே முடிவுக்கு வந்திருந்தார்.

அந்தக் காலத்தில் டிரைவர்கள் வண்டியைப் பழையாற்றுத் துறையிலோ கால்வாய்க் கரையிலோ இறக்கிக் கழுவுவது சாதாரணம். ஓடுகிற தண்ணீர், செலவில்லை. மாமா அதற்குச் சம்மதிக்க மாட்டார். "வண்டிக்கு அடியில ஆயில் ஒழுகும் மக்கா. கீழ ஆளுவ குளிக்காவ, அதுக்கும் கீழ வயலு கெடக்கு" என்பார். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகிற மண்ணில் கிரீஸ் மிதக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நானும் இன்றுவரை எந்த நீர்நிலைக்குள்ளும் வண்டியை இறக்கியதில்லை.

கழுவுவதை அடியிலிருந்துதான் தொடங்குவார். கிணற்று மோட்டாரில் ரப்பர் குழாயை மாட்டி, வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, நாலு மட்காடுகளுக்கும் உள்ளே பீய்ச்சுவார். சக்கரத்தைச் சுற்றி, படிக்குக் கீழே, பம்பருக்குப் பின்னே, பின்சக்கரத்தின் வில்பட்டைகளுக்கு இடையே என்று ஒவ்வோர் இடமாகக் குனிந்து பார்த்து அடிப்பார். மேலே ஒரு சொட்டு ஊற்றியிருக்க மாட்டார், கீழே மட்டும் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒருமுறை பொறுமையில்லாமல் ஏன் மேலிருந்து தொடங்கவில்லை என்று கேட்டேன். "வெளியே போய்ட்டு வாறவன் முதல்ல எதைக் கழுவுவான்? கால்தானே? முதல்ல உப்பு இறங்கட்டும்" என்றார்.

அதன் பிறகு மேலே. வெறும் தண்ணீரைக் கூரையிலிருந்து வழியவிடுவார். துணி படாமல், கை படாமல், தண்ணீர் மட்டும் இரண்டு முறை. ஒட்டாமல் கிடக்கும் தூசியும் மணலும் தாமாகவே இறங்கிவிட வேண்டும். பிறகுதான் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூ கலந்த தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஷாம்பூ பாக்கெட்டுகள் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு வண்டிக்கு ஒரு பாக்கெட். துணி துவைக்கும் சோப்புத்தூளைத் தொடவிட மாட்டார். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற காரம் மேலே பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும், ரப்பர் பீடிங்கையும் வெளுக்க வைத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் அப்படித்தான்.

ஷாம்பூ வாளியில் துணியை நனைத்து ஒரு பலகை அளவு துடைப்பார். உடனே நல்ல தண்ணீர் வாளியில் முக்கி, அலசி, பிழிந்துவிட்டுத்தான் மறுபடியும் ஷாம்பூவில் நனைப்பார். எதற்கு இரண்டு வாளி என்று நான் கேட்டபோது, "உங்க அம்மை அரிசி அரிச்செடுக்கதப் பாத்திருக்கியா?" என்றார். அம்மை இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் அரிசியை மெல்லச் சுழற்றிச் சுழற்றி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவாள். கல் அடியில் தங்கிவிடும். கடைசிப் பிடி அரிசியை யாரும் உலையில் போட மாட்டார்கள். மாமாவும் அலசல் வாளியின் அடித் தண்ணீரைக் காரில் ஊற்றியதில்லை. வாளியைச் சாய்த்துக் காட்டுவார். அடியில் ஒரு விரற்கடைக்குக் கறுப்பும் சிவப்புமாக மணல் படிந்திருக்கும். "இது துணியில இருந்தா?" என்று மட்டும் கேட்பார்.

அந்த மணல் சாதாரண மணலும் இல்லை. மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கடற்கரையில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், சில இடங்களில் மணல் கறுத்துக் கிடக்கும், சில இடங்களில் குங்குமம் தூவியதுபோலச் சிவந்து கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே சிர்கானும் ரூட்டைலும் மோனசைட்டும் உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அந்த மணலைத் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்று அங்கே மத்திய அரசின் அருமணல் ஆலை இருக்கிறது. இந்தக் கதையைப் பின்னாளில் படித்தபோது எனக்கு மாமாவின் அலசல் வாளிதான் கண்முன் வந்தது. கயிற்று நாரில் ஒட்டிக்கொண்டு ஜெர்மனி வரைக்கும் போன மணல், கார் துடைக்கும் துணியில் ஒட்டிக்கொள்ளாதா? அதிலும் கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டுகிற பொருள்களில் ஒன்று. எங்கள் கடற்கரைக்குப் போய்வந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். இன்று கார் கழுவும் கலையைக் கற்றுத்தருகிறவர்கள் இரண்டு வாளி முறை என்று பெயர் சொல்லி, வாளிக்கு அடியில் போடச் சல்லடைத் தட்டும் விற்கிறார்கள். நான் அதை வாங்கி வைத்திருக்கிறேன். மணல் தட்டுக்குக் கீழே இறங்கி, மறுபடியும் துணியில் ஏறாமல் கிடக்கிறது. அம்மை அரிசி அரித்த அதே தந்திரம்.

துவட்டுவதற்கு மாமா வைத்திருந்தது நைந்துபோன எட்டு முழ வேட்டி. வேட்டியின் கரையைப் பிளேடால் கீறி முழுக்க எடுத்திருப்பார், கரையில் ஓடும் முறுக்கிய நூல் பெயிண்டில் கோடு போடும் என்பதற்காக. சட்டைத் துணியாக இருந்தால் பித்தானோடு தையலையும் பிரித்துவிடுவார். துணியை அழுத்தாமல் பலகையின் மேல் விரித்துப் போட்டு, இரண்டு முனைகளையும் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார். தண்ணீர் தானாக ஏறி வந்துவிடும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. துவட்டாமல் வெயிலில் காயவிடவும் கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும், ஆனால் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக வளையம் விடும். சுண்ணாம்புச் சத்து. கடலோரக் கிணறுகளில் இன்னும் அதிகம். அந்த வளையம் பழையதாகிவிட்டால் வினிகரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்து, துணியில் தொட்டு ஒற்றி, உடனே நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு மாமா தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவுவார். கதவைத் திறந்து, தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, கதவின் அடிவிளிம்பில் விரலால் தடவித் தேடுவார். ஒவ்வொரு கதவின் அடியிலும் தண்ணீர் வடிய இரண்டு மூன்று துளைகள் உண்டு. கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அதுதான். மண்ணும் இலைத்தூளும் அடைத்துக்கொண்டால் உள்ளே உப்புத்தண்ணீர் தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் கதவு உள்ளிருந்தே அழுகும். ஈர்க்கை விட்டு மெல்லச் சுழற்றுவார். அடைப்பு விட்டதும் பழுப்புத் தண்ணீர் நூல்போல இறங்கும். அது தெளிந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கதவின் அடிப்பகுதியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். "கேட்டியா, டங்குன்னா நல்ல தகரம். டொக்குன்னா அங்ஙன டிங்கர் வேலை." கோயில் குத்துவிளக்கைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களின் காது அவருக்கு இருந்தது.

பதிமூன்றாவது வயதில் நான் அவர் வண்டியைக் கெடுத்தேன். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் பறவைகள் வந்து தங்கும் இடங்கள். அந்த ஈரநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளத்தங்கரை மரத்தடியில் ஒரு மதியம் வண்டி நின்றிருந்தது. பானட்டின் மேல் உள்ளங்கை அளவுக்குப் பறவை எச்சம். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வருவதற்குள் சுத்தம் செய்து அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்து, உலர்ந்த துவர்த்துத் துண்டால் அழுத்தித் தேய்த்தேன். எச்சம் போய்விட்டது. போன இடத்தில் வளைவு வளைவாகக் கீறல்கள், நடுவே பெயிண்ட் மங்கிய ஒரு தழும்பு.

மாமா கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். திட்டவில்லை. என் கையைப் பிடித்து அந்தத் தழும்பின்மேல் வைத்துத் தடவச் சொன்னார். பிறகு பக்கத்துப் பலகையைத் தடவச் சொன்னார். வித்தியாசம் விரலில் தெரிந்தது. "ஊற வைக்கணும் மக்களே, உரசப்பிடாது" என்றார். துவர்த்தை நனைத்து எச்சத்தின்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் அது இளகித் துணியோடு வந்துவிடும். பறவையின் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் கொதிக்கும் பானட்டில் சில மணி நேரம் கிடந்தாலே போதும், பெயிண்டை அரித்துவிடும். கூடவே தானியத் துகளும் மணலும் கிடக்கும். ஊறவைப்பது இரண்டுக்கும் மருந்து. பலாச்சக்கைப் பால் சொட்டினால் தேங்காய் எண்ணெய். சக்கை வெட்டுமுன் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டுத் தாருக்கும் அதே எண்ணெய். பத்து நிமிடம் ஊறவிட்டு வழித்து எடுத்து, ஷாம்பூத் தண்ணீரால் எண்ணெயைக் கழுவிவிட வேண்டும். சில டிரைவர்கள் பளபளப்புக்காக வண்டி முழுக்க மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். அன்றைக்கு மின்னும். மறுநாள் ரோட்டுத் தூசி அத்தனையும் அந்தப் பிசுக்கில் வந்து ஒட்டும், ரப்பரும் கெடும்.

மெழுகு பூசுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தவறவே தவறாது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுப் போனதும் மாமா வீட்டில் டப்பா மெழுகைத் திறந்துவிடுவார்கள். ஒரு பலகைக்கு ஒரு சுண்டைக்காய் அளவுதான். பஞ்சுத் துணியில் தொட்டு, பெயிண்டின்மேல் மூச்சு விட்டாற்போலத் தடவுவார். கனமாகப் பூசினால் பயனில்லை, துடைக்கும் வேலைதான் கூடும். புகை படிந்ததுபோல வெளுத்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். கோடு தெளிவாக விழுந்தால் துடைக்கலாம். பூஜைக்கு வைக்கும் சந்தனமும் குங்குமமும் அந்த மெழுகின்மேல்தான் உட்காரும். மறுநாள் காலையிலேயே நனைத்து எடுத்தும்விடுவார். நாள்கணக்கில் வெயிலில் காய்ந்த குங்குமம் வெள்ளைப் பெயிண்டில் இளஞ்சிவப்புக் கறையை விட்டுவிடும்.

அந்த டப்பாவில் இருந்த மெழுகு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கார்னாபா என்பது ஒரு பனை. பிரேசிலின் வடகிழக்கே, சியாரா, பியாவுயி போன்ற வறண்ட மாநிலங்களில் வளர்கிறது. கொளுத்தும் வெயிலில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அந்த மரம் ஓலையின்மேல் மெழுகைச் சுரக்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, அடித்து உதிர்த்து, அந்தத் தூளை உருக்கி எடுக்கிறார்கள். 82 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் கார் கூரைச் சூட்டை அது தாங்குகிறது. அகஸ்தீஸ்வரம் தேரியோரப் பனைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பனையேறிகளின் நெஞ்சுத் தழும்பையும் கருப்பட்டிக் கூப்பனியின் மணத்தையும் அறிந்தவன். வேறொரு கண்டத்தில் வேறொரு பனை தன் ஓலைக்குத் தேடிக்கொண்ட காப்பு, எங்கள் ஊர் உப்புக் காற்றிலிருந்து மாமாவின் காரைக் காத்தது என்று தெரிந்தபோது, மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பனை எங்க இருந்தாலும் பனைதான்" என்றார்.

2009இல் நான் என் முதல் புதுக் காரை வாங்கினேன். சாம்பல் நிற மெட்டாலிக் பெயிண்ட். TN 74 என்ற எண் பலகையோடு வீட்டு முற்றத்தில் ஏறி நின்றபோது மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சுற்றி வந்து, கதவைத் திறந்து, அடியில் துளைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மூன்று ஆண்டுகள் ஓடின. வேலைப் பளுவில் கழுவுவதை வாட்டர் சர்வீஸ்காரர்களிடம் விட்டிருந்தேன். ஒரு நாள் இரவு தெருவிளக்கின் கீழே நிறுத்தியபோது பார்த்தேன், கூரையிலும் பானட்டிலும் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக நுண்கீறல்கள். நிறைய வண்டிகளைத் துடைத்த ஒரே துணியின் வேலை. எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரப்பிங் காம்பவுண்டு வாங்கிவந்து நானே தேய்க்கத் தொடங்கினேன். மாமாவின் அம்பாசிடரில் காம்பவுண்டு போட்டால் துணியில் வெள்ளை ஏறும், எவ்வளவு தேய்த்தோம் என்று துணியே சொல்லிவிடும். அது ஒற்றைப் பெயிண்ட். இன்றைய மெட்டாலிக் பெயிண்டில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கிறது. சுமார் 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. வெயிலையும் மழையையும் தாங்குவது அதுதான். அதைத் தேய்த்தால் துணியில் எந்த நிறமும் வராது. விளிம்புகளில் அந்தப் பூச்சு இன்னும் மெல்லியது. பானட்டின் முன்விளிம்பில் நான் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒரு விரல் நீளத்துக்கு மினுக்கம் செத்து, சுண்ணாம்புபோல ஆகிவிட்டது. எதைப் பூசியும் அது திரும்பவில்லை.

மாமா வந்து பார்த்தார். என் பதிமூன்று வயதில் செய்ததையே செய்தார். என் கையை எடுத்து அங்கே வைத்தார். "கீறல் இருந்தா இருந்துட்டுப் போட்டும் மக்கா. தோலு போனா என்ன செய்வ?" அந்தக் கேள்விதான் எனக்குப் பெரிய பாடம். கீறல் கண்ணுக்குக் குறை, பூச்சு போனால் வண்டிக்கே குறை. பாலிஷ் என்பதே மேல்தோலைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான். வாழ்நாளில் சில தடவைகள்தான் அதைச் செய்ய முடியும். கழுவுவதை ஒழுங்காகச் செய்தால் அதற்குத் தேவையே குறைவு. அந்த விளிம்பைப் பெயிண்டரிடம் கொடுத்துச் சரிசெய்தேன். அன்றிலிருந்து என் காரை நானே கழுவுகிறேன்.

இப்போது கருவிகள் மாறியிருக்கின்றன. வேட்டியின் இடத்தில் மைக்ரோஃபைபர் துணி. அதன் இழைகள் மணலைத் தம் இடுக்குகளுக்குள் வாங்கிக்கொள்கின்றன. ஜப்பானில் உருவான க்ளே பார் என்ற களிமண் போன்ற கட்டியை ஷாம்பூத் தண்ணீர் விட்டு வழுக்கினால், கழுவியும் போகாத துகள்களை அது பிடுங்கி எடுக்கிறது. மெழுகுக்குப் பதில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் செராமிக் கோட்டிங் போடும் கடைகள் நாகர்கோவிலிலேயே வந்துவிட்டன. நல்ல பொருள்தான். ஆனால் செராமிக்கின்மேலும் உப்பு படியும், பறவை எச்சமிடும், துளையில் மண் அடைக்கும். கோட்டிங் போட்டாயிற்று என்று கழுவாமல் விட்ட வண்டிகளின் கீழ்விளிம்பைக் குனிந்து பார்த்தால் போதும். கார் கவரிலும் கவனம் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் காலத்தில், தூசியுள்ள காரின்மேல் கவர் போட்டால் காற்று அதைப் படபடவென்று அடித்து உப்புத்தாளாக்கிவிடும். ஈரமான காரை மூடினாலும் கேடு, உப்பும் ஈரமும் சேர்ந்து புழுங்கும். கழுவி, துவட்டி, கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்திய பிறகுதான் மூட வேண்டும்.

2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோன செய்தியைப் பேப்பரில் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கண் அழுத்த நோய் அவர் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருந்தது. வண்டியை அதற்கு முன்பே விற்றிருந்தார். கேட்டுவிட்டு, "நம்ம வண்டி கதவு கடைசி வரைக்கும் டங்குன்னுதான் கேட்டுது, இல்லியா?" என்றார். ஆமாம் என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் கடற்கரையில் நின்ற வண்டியைப் பற்றி ஒரு டிரைவர் சொல்லிக்கொள்ள அதைவிடப் பெரிதாக என்ன இருக்கிறது?

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரை மாமா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோவேன். நான் கழுவுவேன், அவர் நாற்காலியில் இருப்பார். கழுவி முடிந்ததும் எழுந்து வந்து, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றித் தடவிக்கொண்டே நடப்பார். கூரை, பானட், மட்காடு, கதவு, டிக்கி. கை நின்ற இடத்தில் நான் பார்ப்பேன். ஒரு தார்ப் பொட்டோ பிசின் துளியோ இருக்கும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கரையோர ஊர்களில் அழுகை ஓயவில்லை. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. முற்றத்தில் வேம்பின் கிளை முறிந்து கிடக்க, இலையும் சருகும் அப்பிக் கார் அப்படியே நின்றது. காரைக் கழுவ வேண்டும் என்று எனக்கோ மாமாவுக்கோ தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால்தான் தவறு. மனிதர்களின் காரியங்கள் முடிந்து, வாரங்கள் கழித்து, அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றி இலையைத் தள்ளிவிட்டு ஓட்டத் தொடங்கினேன்.

அடுத்த பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழுவித் துவட்டி நிறுத்தியிருந்தேன். மாமா வழக்கம்போலத் தடவிக்கொண்டு வந்தார். இடது முன்மட்காடு, கதவுக்கு அருகே, கீழ்மூலை. கை நின்றது. முன்னே போய்த் திரும்பி வந்து, மறுபடியும் அங்கேயே நின்றது. "இங்ஙன பாரு" என்றார். பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். "கண்ணை மூடிக்கிட்டுத் தொடு" என்றார்.

மூடினேன். மிளகில் பாதி அளவுக்கு ஒரு மேடு. விரல் முட்டியால் தட்டினேன். டொக்.

டிங்கர் கடையில் மட்காடைக் கழற்றியபோது, முன்கண்ணாடிக்குக் கீழேயிருந்து இறங்கும் நீர்வழி முழுக்க வேப்பிலைச் சருகு மக்கி மண்ணாகியிருந்தது. ஒக்கி அன்று விழுந்த சருகு. நாலு மாதம் ஈரத்தைப் பிடித்துவைத்திருந்தது. ஆரம்பம்தான், சுரண்டித் துரு எடுத்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் போட்டால் தீர்ந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் தகரத்தை வெட்டி ஒட்டியிருக்க வேண்டும் என்றார் டிங்கர். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். கண் தெரியாத எங்கள் மாமா என்று சொன்னேன்.

மாமா இப்போது இல்லை. கார் இருக்கிறது, பதினைந்து வயதைத் தாண்டி. கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே மட்காடுகளுக்குள் தண்ணீர் அடிக்கிறேன். இரண்டு வாளி, ஓர் ஈர்க்கு. முன்கண்ணாடிக்குக் கீழே சருகு சேர்ந்திருக்கிறதா என்று பானட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். கடைசியாகக் கையை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கூரையிலிருந்து தொடங்கிச் சுற்றி வருகிறேன். இடது முன்மட்காட்டின் கீழ்மூலையில் கை தானாக நிற்கும். தட்டிப் பார்க்கிறேன். டங்.